மரப்பாச்சியைப் படமெடுக்கும் முறை

கொலு வைக்கும் தமிழ் இல்லங்களில் மரப்பாச்சி இணைக்குத் தனியிடம் உண்டு. மணமகளுடன் தாய்வீட்டுச் சீராக வந்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது அது. ஆனால் பொம்மைகள் இரண்டே, மக்களோ பலர். ஒருவர் குப்பத்திலும், ஒருவர் பெங்களூரிலும், மற்றொருவர் கடல் கடந்தும் வாழ்கின்றனர். பொம்மை ஒரு வீட்டில்தான் இருக்க இயலும். அதன் படமோ எல்லா வீடுகளிலும் இருக்கலாம். அப்படத்தைப் பழுதின்றி எடுக்கும் வழியை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

திருப்பதி மரப்பாச்சியைச் செம்மரத்தில் கடைவது பழைய வழக்கம். சேஷாசலம் முதலிய தென்னாந்திரக் குன்றுகளில் இயற்கையாக வளரும் அம்மரம் இன்று அருகிவிட்டது. 1995 முதல் அதன் சர்வதேச வாணிபம் உடன்படிக்கைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. ஆதலின் வெளிநாட்டிலுள்ள மகளுக்குப் பொம்மையை அனுப்புமுன் உரிய விதிகளைக் கேட்டறிதல் நலம். படத்துக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. ஸ்ரீகாளஹஸ்திக்கு அருகே மாதவமாலா என்னும் சிற்றூரில் மரச்சிற்பிகள் வாழ்கின்றனர். இத்தகைய கைவினைஞர்களின் பொருளைத் தொலைவிலிருந்து வாங்குவோர் முதலில் காண்பதும் படத்தையே அன்றோ?

படத்தைக் கெடுக்கும் முதற்பகை கண்கூச்சும் மினுக்கம். மெருகேறிய மரம் கண்ணாடியை ஒத்தது. ஒளி எக்கோணத்தில் படுகின்றதோ அக்கோணத்திலேயே திரும்பும். பிளாஷ் விளக்கு லென்சுக்கு அருகிலேயே இருப்பதால், அதன் ஒளி பொம்மையின் நெற்றியிலும் மார்பிலும் வெண்புள்ளியாகத் தெறிக்கின்றது. அப்புள்ளியில் மரத்தின் வரியும் தெரியாது. உளியின் தடமும் தெரியாது. சன்னபட்டணத்துப் பொம்மைகளில் இத்தொல்லை மிகுதி. கடைசலில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் கட்டியை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகிப் படிகின்றது. அதுவே அப்பளபளப்புக்குக் காரணம்.

ஆகவே முதற்கண் பிளாஷை நிறுத்துக. அடுத்து, அகன்ற ஒளியை நாடுக. சிறு விளக்கு கூரிய புள்ளியைத் தரும். அகன்ற ஒளி மென்மையாகப் பரவும். வடக்கு நோக்கிய தாழ்வாரம் மிக ஏற்றது. ஆயினும் குப்பத்தில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அம்மாதங்களில் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டால் வெயில் தணியும். ஒளி பக்கவாட்டில் விழட்டும். எதிர்ப்புறம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் தெளியும். பின்னும் மினுக்கம் எஞ்சின், பொம்மையைச் சற்றே திருப்பிப் பார்க்க.

பட்டுத் திரும்பும் ஒளி ஒரு திசையில் மிகுதியாக அதிரும் என்பதை 1808-இல் மாலுஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். போலராய்டு கண்ணாடியை லென்சின் முன் பிடித்து மெல்லச் சுழற்றினால் மினுக்கம் குறைவது இதனாலேயே. மரத்துக்கும் அரக்குக்கும் இது பயன்படும். பொம்மைக்குப் பூட்டிய உலோக நகையின் மின்னலை இது நீக்காது.

வெள்ளைத் துணியின் முன் வைத்தால், காமிரா தானே ஒளியைக் குறைத்துக் கருஞ்சிவப்புப் பொம்மையைக் கரிக்கட்டையாக்கிவிடும். சாம்பல் நிறப் பருத்தித் துணியே தக்கது. கைபேசியாயின் திரையில் பொம்மையின் முகத்தைத் தொட்டு, ஒளியைச் சிறிது கூட்டுக. அறையின் மின்விளக்கை அணைத்துவிடுக. இருவகை ஒளி கலந்தால் மரத்தின் நிறம் திரியும். மிக அருகே சென்றால் மூக்குப் பெருத்துக் காணுமாதலால், இரண்டு முழம் விலகி நின்று எடுக்க.

படத்துக்கெனப் பொம்மைக்கு எண்ணெய் பூசுவோர் உளர். அது வேண்டா. பார்சலை ஏற்கும் இரயில்வே குமாஸ்தா அதன் நிலையை உள்ளபடி குறித்துக்கொள்வார். படமும் அத்தகைய ஒரு குறிப்பே. விரிசலும், தேய்ந்த மூக்கும், குழந்தை கடித்த தடமும் அதில் தெரிதல் வேண்டும். விற்பவர் விரிசலை மறைத்தால் வாங்கியவரின் நம்பிக்கை போகும். வீட்டார் மறைத்தால் பொம்மையின் கதை போகும்.

முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள் என நான்கு படங்கள் எடுங்கள். எந்த ஊரிலிருந்து, யாருடைய திருமணத்தில், எந்த ஆண்டு வந்த பொம்மை என்பதையும் உடன் எழுதி வையுங்கள். அதனை அறிந்த பாட்டி வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.