தோல்வியும் அபிமானிகளின் சினமும்

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் இயல்பு என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைக்காத வீடு நம்மிடையே இல்லை. ஆயினும், 2025 நவம்பர் 18 அன்று டாக்கா நகரில் இந்தியக் கால்பந்து அணி வங்காளதேசத்திடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற இரவில், அவ்வறிவுரை எங்குப் போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. பதினோராம் நிமிடத்தில் ஷேக் மொர்சாலின் போட்ட கோலுக்கு, எஞ்சிய நேரம் முழுவதும் முயன்றும் நம்மவர் பதில் கோல் போடவில்லை. 2003-ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டிடம் இந்தியா தோற்றது அதுவே முதல் முறை. மறுநாள் பத்துபஸ்தியின் தேநீர்க் கடைகளில் நம் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமன்று.

சினத்துக்குக் காரணமே இல்லையென்று நாம் கூற முன்வரவில்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று பந்தயங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் கௌகாத்தியில், முதலில் கோல் போட்டிருந்தும், ஆப்கானிஸ்தானத்திடம் 2–1 என்று தோற்றனர். அவ்வாண்டு முழுவதும் ஒரு வெற்றியேனும் கிட்டவில்லை. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வழியும் அடைபட்டது. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99-ஆம் இடத்தில் இருந்த அணி, டாக்காவுக்குப் பின் 142-ஆம் இடத்துக்கு இறங்கியது. 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற நாடன்றோ இது! ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்ற அந்த 1962 இறுதிப் பந்தயத்தில் கோல் காத்து நின்றவர் தங்கராஜ். மைதானம் நிறைந்த கூட்டம் இந்தியாவை எதிர்த்துக் கூச்சலிட்ட நாள் அது. முதியோர் அதனை நினைந்து பெருமூச்செறிவது தகும்.

ஆனால், சினம் யார் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதே கேள்வி. 2024 ஜூனில் பயிற்சியாளர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ் ஓராண்டில் விலகினார். பின்னர் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். நம் வீரர்கள் டாக்காவுக்குச் சென்ற நவம்பரில், அவர்கள் ஆட வேண்டிய இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளின் அவ்வாண்டுப் பருவம் தொடங்கவே இல்லை. சங்கத்துக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான உடன்படிக்கைச் சிக்கலில் அது முடங்கிக் கிடந்தது. வீட்டில் அரிசி இல்லாதபோது சமையற்காரரை மாற்றிப் பயன் என்ன? ஆயினும் ஏச்செல்லாம் களத்தில் ஓடியவர்கள் மீதே விழுந்தது.

அதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. தமிழரும் வங்காளிகளும் தெலுங்கரும் மலையாளிகளும் ராஞ்சி மக்களும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து வாழும் ஊர் நம்முடையது. தோல்விக்குப் பின் அண்டை வீட்டு வங்காளியைப் பார்த்து, “உங்கள் ஆட்கள் வென்றுவிட்டார்கள், இனிப்பு இல்லையா?” என்ற சொல் சிலர் வாயில் வந்தது. கேலிதான் என்பர். அவ்வண்டை வீட்டாரின் பாட்டனார், பிரிவினையின் பின் கிழக்கு வங்காளத்தை விட்டு அகதியாக வந்து, 1949 முதல் இத்தீவுகளில் காடு திருத்திக் குடியேறியவர்களுள் ஒருவராக இருக்கலாம். இலங்கை அணி கிரிக்கெட்டில் இந்தியாவை வெல்லும் நாளில், சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழரிடம் எவரேனும் இவ்வாறு கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

தோல்வியின் வலியை வங்காளிகள் நம்மினும் நன்கு அறிவர். ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் விலையேறும் என்பது கல்கத்தாவின் பழங்கதை. நம் மீன் சந்தையில் அதற்கு வேலையில்லை, இறால் எந்நாளும் விலையேறித்தான் இருக்கிறது! 1975-இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயத்தில் மோகன் பகான் ஐந்து கோல் வாங்கித் தோற்றபோது, அன்றிரவு அதன் ஆட்டக்காரர் சிலர் அபிமானிகளுக்கு அஞ்சிக் கங்கையில் படகில் ஒளிந்திருந்தனர் என்பர். இளம் அபிமானி ஒருவர் துயரம் தாளாது உயிரையே மாய்த்துக்கொண்டார். அன்பு அளவு கடந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கல்கத்தா அன்று கண்டது.

இனி மற்றொரு வகைக் குறையைக் காண்போம். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா சீனத் தைப்பேயை ஐந்து கோல்களால் வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல் போட்டார். பார்க்க வந்திருந்தோர் 2,569 பேர்! மறுநாள் சேத்ரி மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: எங்களைத் திட்டுங்கள், குறை கூறுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து அதைச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். ஜூன் 4 அன்று கென்யாவுடன் நடந்த பந்தயத்துக்கு நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அது சேத்ரியின் நூறாவது சர்வதேசப் பந்தயம். இந்தியா 3–0 என்று வென்றது, அவற்றுள் இரண்டு அவர் போட்டவை. வந்து அமர்ந்து ஏசும் உரிமையை ஓர் அணித்தலைவரே நமக்கு வழங்கியிருக்கிறார். வராமலே ஏசுவதற்கு யார் உரிமை தந்தார் என்பதுதான் விளங்கவில்லை.

நம் தீவுகளுக்கும் ஓர் அணி உண்டென்பது வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 டிசம்பரில் கொச்சியில் சந்தோஷ் கோப்பைத் தகுதிச் சுற்றில் அந்தமான் நிக்கோபார் அணி கேரளத்திடம் 9–0 என்று தோற்றது. அடுத்த மே மாதம் கோப்பையையே கைப்பற்றிய கேரளம் அது. டாக்காத் தோல்விக்குக் கொதித்தெழுந்த நம் வீடுகளில் இந்த ஒன்பது கோல்களுக்காக வருந்தியவர் எவரையும் நாம் காணவில்லை. அந்த இளைஞர்களை ஏசுவதற்குக்கூட ஆளில்லை.

பத்துபஸ்திச் சிறுவர்கள் ஞாயிறுதோறும் பந்தாடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளையும் வங்காளப் பிள்ளையும் ஒரே கட்சியில் நின்று, தோற்றால் ஒருவரையொருவர் இந்தியில் ஏசிக்கொள்கிறார்கள். பார்க்க விரும்பும் பெற்றோர் மூன்றரை மணிக்கே வந்துவிடுதல் நன்று. இம்மாதங்களில் ஐந்து மணிக்குமேல் பந்து கண்ணுக்குத் தெரியாது.