எஸ்எஸ்டி வாங்கும் முன் இதெல்லாம் தெரியுமா?

ஆடிப்பெருக்கு அன்றே சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிடும், தெரியுமா? புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும்போதே! அந்த அச்சகங்களுக்குச் சாத்தூரில் வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுப்பவர் என்றால், பழைய வருஷத்து முருகனும் லட்சுமியும் ஒன்றுவிடாமல் பத்திரமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் லேன் வயரால் இணைக்கும் சேமிப்புப் பெட்டி. அதற்குள் எந்த எஸ்எஸ்டியைப் போடுவது?

எல்லாரும் முதலில் வேகத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 550 மெகாபைட் வரை படிக்கும். வீட்டு கிகாபிட் லேன் வயரில் 125-க்கு மேல் போகவே வழியில்லை! அதைவிட வேகமான எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் பணம் அந்த வயரோடு நின்றுபோகிறது.

பார்க்க வேண்டியது எஸ்எஸ்டிக்குள் இருக்கும் செல்லை. 1987-ல் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா குழு உலகுக்குக் காட்டிய நேண்ட் வித்தை இது: கண்ணுக்கே தெரியாத செல்லில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்தால் அதுதான் நினைவு! டிஎல்சி வகையில் ஒரு செல்லுக்கு 3 பிட். அதற்கு 8 மின்னளவுகளைப் பிரித்தறிய வேண்டும். க்யூஎல்சியில் 4 பிட், 16 அளவுகள்! ஒரே ஒரு பிட் கூடியதற்கு விலை என்ன தெரியுமா? 1 டெராபைட் சாம்சங் 870 ஈவோ (டிஎல்சி) 600 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம். 870 க்யூவிஓ (க்யூஎல்சி) 360 வரைதான். தினமும் 100 கிகாபைட் எழுதினாலும் 600 டெராபைட்டைத் தொட 16 வருஷம் ஆகும்! அதே க்யூவிஓவில் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து கொட்டினால், 42 கிகாபைட் தாண்டியதும் வேகம் 80 மெகாபைட்டுக்கு விழுந்துவிடும். லேன் வயரைவிட மெதுவு, ஹார்ட் டிஸ்க்கைவிடவும் மெதுவு! நாஸுக்கு டிஎல்சிதான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதைக் கேட்டால் நெஞ்சு பதறும்: 2019-ல் எச்பிஇ நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது. அதன் சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருள்) பிழையால் செத்துவிடும், தரவும் மீளாது! ஒரே நாளில் மாட்டியவை எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விடும். ரெய்டு 1 போட்டு இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை வைத்திருந்தாலும் என்ன பயன்? ஆகவே ஜோடியை வேறு வேறு மாடலாக, முடிந்தால் வேறு வேறு கம்பெனியாக வாங்குங்கள். ஃபர்ம்வேரையும் அவ்வப்போது புதுப்பியுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பாழாகலாம், அதனால் ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம்.

இன்னொன்று! தேய்ந்துபோன எஸ்எஸ்டியைக் கழற்றி பீரோவில் வைத்தால் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்எஸ்டி ஆயுள் முழுக்க எழுதித் தீர்ந்த பிறகும், மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தரவைக் காக்க வேண்டும் என்பதே தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்கு. சாத்தூர்ச் சித்திரை வெயிலில் பூட்டிய அறை 30 டிகிரியிலா இருக்கும்? சூடு ஏற ஏறக் கசிவும் வேகமாகும். நாஸுக்கு வெளியே எடுத்துவைக்கும் பிரதிக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நல்லது, விலையும் குறைவு.