தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாக வந்தால்... ஜாவா பயில்வோருக்கு ஒரு விளக்கம்

தமிழ்ப்பள்ளிப் பதிவேடு, ஆலய நன்கொடைப் பட்டியல் போன்றவற்றைக் கணினியில் ஏற்றும்போது தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடுவதுண்டு. பெயர் உள்ளே பத்திரமாக இருந்து, திரையில் மட்டும் பிழையாகத் தெரிகிறதா? அல்லது பெயரே அழிந்துவிட்டதா? ஜாவா மொழியில் எழுதிய நிரலாக இருந்தால், பைட்டுகளை முறையாக அச்சிட்டுப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. அந்த எண்களின் வரிசைதான் பைட் அணி. அதை அப்படியே ‘பிரிண்ட்லைன்’ கட்டளையிடம் கொடுத்தால், ஒரு சதுர அடைப்புக்குறி, ஆங்கில ‘பி’ எழுத்து, ‘அட்’ குறி, அதன்பின் புரியாத சில எழுத்துகளும் எண்களும் வரும். நிரல் கெட்டுவிட்டதோ என்று புதியவர்கள் பதறுவது இங்கேதான். உண்மையில் அது அணியின் வகையையும் ஓர் அடையாள எண்ணையும் மட்டுமே காட்டுகிறது, உள்ளடக்கத்தை அல்ல.

உள்ளடக்கத்தைப் பார்க்க ‘அரேஸ்.டூஸ்ட்ரிங்’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் சேமித்த ‘அ’, -32, -82, -123 என்று வரும். கழித்தல் குறி பிழையன்று. ஜாவாவில் ஒரு பைட் -128 முதல் 127 வரையிலான எண்களையே ஏற்கும். கழித்தல் எண்களுடன் 256ஐக் கூட்டினால் 224, 174, 133 என வழக்கமான மதிப்பு கிடைக்கும்.

‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் மொத்தம் 15. மும்மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு தொகுதியும் -32இல் தொடங்கும். பெயர்களுக்கு நடுவே வரும் இடைவெளி 32 என ஒற்றை எண்ணாக நிற்கும். இப்படி வந்தால் பெயர் பத்திரம். ‘நியூ ஸ்ட்ரிங்’ கொண்டு எழுத்தாக மாற்றும்போது யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் பெயர் திரும்பிவிடும்.

மாறாக, 63 என்ற எண்ணே திரும்பத் திரும்ப வந்தால், அது கேள்விக்குறிக்குரிய எண். தமிழுக்கு இடமில்லாத குறியேற்றத்தில் சேமித்ததால் பெயர் அழிந்துவிட்டது. எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. மூலப் பட்டியலைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

2022இல் வெளிவந்த ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 இயல்பு முறையாகிவிட்டது. முந்தைய பதிப்புகள் அந்தந்தக் கணினியின் அமைப்பைப் பின்பற்றுபவை. ஆகவே, சேமிக்கும்போதும் படிக்கும்போதும் குறியேற்றத்தை நிரலில் வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு. பைட்டுகளை அச்சிட்டுச் சரிபார்க்கும்வரை பழைய தாள் பதிவேட்டையும் வீசிவிட வேண்டாம்.