மடக்கெழுத்தாணி

மடக்கெழுத்தாணி என்பது ஓலையை வாரும் கத்தியும், ஓலையில் எழுதும் எழுத்தாணியும் ஒரே கைப்பிடிக்குள் மடங்கி அமையுமாறு செய்யப்பட்ட எழுதுகருவி ஆகும். பனையோலையில் எழுதும் வழக்கம் நிலவிய காலத்தில் தமிழ்நாட்டில் புலவர்கள், கணக்கர்கள், ஏடு எழுதுவோர் முதலானோர் இதனைப் பயன்படுத்தினர். இக்காலத்தில் பல்பயன் மடக்குக்கருவி என்று அழைக்கப்படும் கருவிகளின் தமிழக முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம். சட்டைப்பை இல்லாத காலத்தில் இது இடுப்பு மடியில் செருகிக் கொண்டு செல்லப்பட்டது.

ஓலையில் எழுதும் வழக்கம் மறைந்தபின் இக்கருவிகளின் பயன் பலருக்கும் தெரியாமல் போயிற்று. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களைச் சூழ்ந்த பகுதிகளிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது வெளிப்படும் இத்தகைய சிறு இரும்புப் பொருள்கள் பழைய இரும்பு என்ற கணக்கில் எடைக்குப் போய்விடக் கூடும். ஆகவே இவற்றை அடையாளம் காண்பதும், காலத்தைக் கணிப்பதும், முறையாகச் சேகரிப்பதும் முக்கியத்துவம் பெறுகின்றன.

வகைகள்

எழுத்தாணிகள் பொதுவாக மூன்று வகைப்படும். உ. வே. சாமிநாதையர் (1855-1942) தம் தன்வரலாறான என் சரித்திரம் என்னும் நூலில் இவ்வகைகளை விளக்கியுள்ளார்.

குண்டெழுத்தாணி: நீளம் குறைந்தது. மேல்முனையில் கனத்த கொண்டை இருக்கும். எழுதப் பழகுவோருக்கு ஏற்றது.

வாரெழுத்தாணி: குண்டெழுத்தாணியை விட நீளமானது. கொண்டைக்குப் பதிலாகச் சிறு கத்தி அமைந்திருக்கும். கூரிய முனைக்கு ஓலையால் உறை செய்வது வழக்கம்.

மடக்கெழுத்தாணி: கத்தி ஒரு பக்கத்திலும் எழுத்தாணி மறு பக்கத்திலும் கைப்பிடியில் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டையும் பேனாக்கத்தி போல மடக்கிக் கொள்ளலாம். கைப்பிடி மரம், மாட்டுக்கொம்பு, தந்தம் ஆகியவற்றுள் ஒன்றால் செய்யப்பட்டிருக்கும்.

பேனாக்கத்தி என்ற சொல்லும் இதே தேவையிலிருந்து பிறந்ததே. ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்காக வைத்திருந்த சிறு கத்தியே அப்பெயர் பெற்றது. எழுதுவோன் எங்கும் ஒரு கத்தியையும் உடன் வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

பயன்பாடு

பனையோலையை எழுதுவதற்கு ஏற்றதாக்கப் பல படிகள் உண்டு. ஓலையை நறுக்கி, நடு ஈர்க்கை நீக்கி, வேகவைத்தோ ஊறவைத்தோ உலர்த்தி, வழவழப்பாக்கி, ஒரே அளவாக விளிம்புகளை வார வேண்டும். பின்னர் கயிறு கோப்பதற்குத் துளையிடப்படும். ஈர்க்கை நீக்குதல், விளிம்பை வாருதல் ஆகிய வேலைகளைக் கத்தி செய்தது.

எழுதும்போது ஓலை இடக்கையிலும் எழுத்தாணி வலக்கையிலும் இருக்கும். இடக்கைக் கட்டைவிரல் எழுத்தாணிக்குத் தாங்கலாக அமையும். தொழில்முறையாக எழுதுவோர் அவ்விரல் நகத்தில் சிறு பள்ளம் செய்துகொள்வதும் உண்டு. எழுத்துகள் கீறலாக மட்டுமே விழுவதால், பின்னர் விளக்குக்கரியை இலைச்சாறு முதலியவற்றுடன் கலந்து ஓலையில் தடவித் துடைப்பர். கரி கீறல்களில் தங்கி எழுத்துத் தெளிவாகும். இது மையாடல் எனப்படும்.

எழுத்தாணியின் முனை ஊசியைப் போல மிகக் கூர்மையாக இருப்பின் ஓலையின் நார் கிழியும். மழுங்கியிருப்பின் கீறல் விழாது. எனவே நன்கு பயன்படுத்தப்பட்ட எழுத்தாணியின் முனை மெலிந்தும், தேய்ந்து மெருகேறியும் காணப்படும். காலக் கணிப்பில் இது ஒரு முக்கியச் சான்றாகும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி

விழுப்புரம் மாவட்டம் 1993 ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. விழுப்புரமும் திண்டிவனமும் இம்மாவட்டத்தின் முக்கிய நகரங்கள். பனை மிகுந்த இப்பகுதியில் ஏட்டு மரபு பல நிலைகளில் வேரூன்றியிருந்தது.

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் உள்ளது. இங்கு ஓலைச்சுவடிகள் பேணப்பட்டு வந்துள்ளன. அருகிலுள்ள புதுச்சேரியில் 1955 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியாவின் பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் திரட்டியது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்புகள் 2005 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

சுவடிகளுக்குக் கிடைத்த இந்த மதிப்பு அவற்றை எழுதிய கருவிகளுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. ஏடு நூலகத்தைச் சேரும்போது எழுத்தாணி வீட்டிலேயே தங்கிவிடும். எந்த ஏட்டை எந்தக் கருவி எழுதியது என்ற தொடர்பு அத்துடன் அறுந்துவிடுகிறது. பழுதடைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இத்தொடர்பு அறுபடக் காரணமாயிற்று.

காலம் கணித்தல்

தொழிற்சாலையில் செய்யப்பட்ட கத்திகளில் நிறுவனப் பெயரும் முத்திரையும் இருக்கும். ஊர்க் கொல்லர் செய்த மடக்கெழுத்தாணியில் அவை இருப்பதில்லை. எனவே இன்ன ஆண்டில் செய்யப்பட்டது என்று கூறுவது பெரும்பாலும் இயலாது. இதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்னும் கீழ் எல்லையையும், இதற்குப் பின் செய்யப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு என்னும் மேல் எல்லையையும் வரையறுப்பதே காலக் கணிப்பின் நோக்கமாகும்.

பயன்பாட்டுக் காலம்: தாளும் ஓலையும் நெடுங்காலம் அருகருகே வழங்கின. புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு தாளில் எழுதப்பட்டது. ஆனால் அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஓலையிலேயே படித்தனர். 1835 ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்திற்குப் பின் இந்தியர்கள் அச்சகம் நடத்துவது எளிதாயிற்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சு நூலும் தாளும் பரவியதால் எழுத்தாணியின் தேவை குறைந்தது. ஆகவே உண்மையான பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட பெரும்பாலான மடக்கெழுத்தாணிகள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கு முற்பட்டவை எனக் கொள்ளலாம். சாதகம் கணித்தல் போன்ற சில தேவைகளுக்கு ஓலை அதன் பின்னரும் பயன்பட்டது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரும்பு: மரக்கரி உலையில் உருக்கிய பழைய தேனிரும்பில் கசடு இழைகள் கலந்திருக்கும். அது துருப்பிடிக்கும்போது மர நார் போன்ற கோடுகள் தோன்றும். 1856 இல் பெசமர் முறை வந்தபின் பெருமளவில் உற்பத்தியான எஃகில் இக்கோடுகள் இரா. எனினும் நார்க்கோடு இருப்பதால் மட்டும் கருவி மிகப் பழையது என்று முடிவு செய்யக்கூடாது. கொல்லர்கள் பழைய இரும்பை மீண்டும் காய்ச்சி அடித்துப் பயன்படுத்தினர். துருப்பிடிக்காத எஃகு 1913 இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் உருவாக்கப்பட்டது. அத்தகைய அலகு கொண்ட எதுவும் அதற்குப் பிற்பட்டதே.

இணைப்பு: பழைய கருவிகளில் கத்தியும் கைப்பிடியும் தறையாணியால் இணைக்கப்பட்டிருக்கும். ஆணியின் தலை கையால் தட்டப்பட்டதால் ஒன்றுபோல் இராது. குறுக்குவெட்டுத் தலை கொண்ட திருகாணி 1930களில் புழக்கத்திற்கு வந்தது. அது காணப்பட்டால் பிற்காலப் பழுதுபார்ப்போ போலியோ என அறியலாம்.

கைப்பிடி: தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் சிறு கரும்புள்ளிகள் காணப்படும். தந்தம் போலத் தோன்றும் செல்லுலாயிடு 1870 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதனைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர மணம் எழும். பேக்கலைட்டு 1907 இல் கண்டுபிடிக்கப்பட்டது.

பொறித்த எழுத்து: சில கைப்பிடிகளில் உரிமையாளர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்றுள்ள வடிவில் காட்டும் முறை வீரமாமுனிவரின் (1680-1747) சீர்திருத்தத்தால் ஏற்பட்டது. ணை, லை, னை முதலிய எழுத்துகளின் இன்றைய வடிவத்தைத் தமிழ்நாட்டரசு 1978 இல் ஏற்றது. 'பழமையான' கருவி ஒன்றில் இப்புதிய வடிவங்கள் இருப்பின் அப்பொறிப்பு ஐயத்திற்குரியது.

தேய்மானம்: பல முறை தீட்டப்பட்ட கத்தி அகலம் குறைந்து, தன் பள்ளத்தில் தளர்வாகப் படியும். அலகு முழு அகலத்துடன் இருக்க, மேற்பரப்பு மட்டும் மிகவும் துருவேறியிருந்தால், அமிலம் கொண்டு பழமையாக்கப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். இயல்பான பழந்துரு கரும்பழுப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். அமிலத்தால் வந்த துரு செம்மஞ்சளாகத் தூள் உதிரும்.

இறக்குமதிக் கத்திகள்

பழைய பொருள்களிடையே மடக்கெழுத்தாணியுடன் ஐரோப்பிய மடக்குக்கத்திகளும் கலந்து கிடைக்கலாம். இவற்றின் காலத்தைக் கணிப்பது எளிது. செபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனக் கத்திகளில் பிரித்தானிய அரசரின் முதலெழுத்துகள் காணப்படும். விக்டோரியா அரசியின் எழுத்துகள் 1837-1901 காலத்தையும், ஏழாம் எட்வர்டின் எழுத்துகள் 1901-1910 காலத்தையும் குறிக்கும்.

புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், இப்பகுதிச் சேகரிப்பாளர் பிரெஞ்சுக் கத்திகளைப் பற்றியும் அறிந்திருத்தல் நன்று. பிரான்சின் லாயோல் ஊர்க் கத்தியில் துளையிடும் ஊசி 1840 அளவிலும், தக்கை திருகி 1880 அளவிலும் சேர்க்கப்பட்டன. சுவிட்சர்லாந்துப் படைவீரர் கத்தி 1891 இல் வழங்கப்பட்டது. அதிகாரிகளுக்கான கத்தியைக் கார்ல் எல்சனர் 1897 இல் பதிவு செய்தார். அவருடைய நிறுவனம் 1921 இல் விக்டோரிநொக்ஸ் என்ற பெயரைப் பெற்றதால், அப்பெயர் பொறித்த கத்திகள் அதற்குப் பிற்பட்டவை.

ஒப்பீடு

மடங்கும் பல்பயன் கருவி எந்த ஒரு நாட்டுக்கும் உரிய கண்டுபிடிப்பு அன்று. கேம்பிரிட்சில் உள்ள பிட்சுவில்லியம் அருங்காட்சியகத்தில் கரண்டி, முள், கத்தி முதலியன மடங்கி அமைந்த உரோமானியக் கருவி ஒன்று உள்ளது. அது கி. பி. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குடகு மக்களின் பிச்சாங்கத்தி எனப்படும் இடைக்கத்தியின் வெள்ளிச் சங்கிலியில் காதுக்குறும்பி வாங்கி, முள்வாங்கி போன்ற சிறு கருவிகள் தொங்கும். அந்தந்த மக்களின் அன்றாடத் தேவையே எந்தக் கருவி சேரும் என்பதைத் தீர்மானித்தது. தமிழகத்தில் அத்தேவை எழுத்தாக இருந்தது என்பது மடக்கெழுத்தாணியின் தனிச்சிறப்பு ஆகும்.

சேகரிப்பும் சட்டமும்

இந்தியத் தொல்பொருள்கள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டம், 1972 இன்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். அறிவு, வரலாறு, இலக்கிய மதிப்புடைய சுவடிகளுக்கு இவ்வரம்பு 75 ஆண்டுகள். தொல்பொருள்களை வணிகம் செய்ய உரிமம் தேவை. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் தடை செய்யப்பட்டுள்ளது. நிலத்தைத் தோண்டும்போது கிடைக்கும் பொருள்களுக்கு 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும்.

தந்தக் கைப்பிடி கொண்டவற்றை வாங்குவதிலும் விற்பதிலும் தனிக் கவனம் தேவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்களால் இந்தியாவில் தந்த வணிகம் தடை செய்யப்பட்டது. பொருள் பழையது என்பதால் மட்டும் இத்தடை நீங்கிவிடாது.

பாதுகாப்பு

பழைய கருவியை வாங்கியவுடன் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது பலரும் செய்யும் தவறாகும். பித்தளைப் பூண்களைப் புளியிட்டுத் துலக்கினால் நுண்ணிய பொறிப்புகள் அழிந்துவிடும். கத்தியைப் புதிதாகத் தீட்டுவதால் தேய்மானச் சான்று மறையும். கைப்பிடியின் பள்ளத்தில் தங்கியுள்ள கரி மையாடலின் எச்சமாக இருக்கலாம். மஞ்சள், குங்குமம் ஆகியவை சரசுவதி பூசையில் ஏடுகளுடன் வைத்து வழிபட்டதைக் காட்டலாம். எனவே இவற்றைக் கழுவாமல் விடுவதே சிறந்தது. இரும்புப் பகுதியில் மென்மையான எண்ணெயை மெல்லியதாகத் தடவி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதுமானது. கொம்பு, தந்தக் கைப்பிடிகளை நீரில் நனைத்தல் கூடாது.

கருவியைத் தூய்மை செய்வதை விட அதனைப் பற்றிய செய்தியைப் பதிவு செய்வது இன்றியமையாதது. கிடைத்த ஊர், குடும்பத்தின் தொழில், உடன் இருந்த பொருள்கள், நீளம், எடை, பொருள், பொறிப்பு ஆகியவற்றை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். கணக்கர் வீட்டுப் பெட்டியில் கணக்கோலைகளுடன் கிடைத்த எழுத்தாணி அவ்வூரின் வரலாற்றுக்குச் சான்று ஆகும். அதே எழுத்தாணி இரும்புக் குவியலில் கிடைத்தால் ஒரு பழைய கத்தி மட்டுமே. வீட்டில் ஏடும் எழுத்தாணியும் சேர்ந்து இருப்பின் அவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகவே அருங்காட்சியகத்திற்கோ சுவடி நூலகத்திற்கோ அளிப்பது நன்று.

இவற்றையும் பார்க்க

எழுத்தாணி
ஓலைச்சுவடி
பனை
பாக்குவெட்டி
மேல்சித்தாமூர்