பன்றியின் குரலும் வளர்ப்போன் கையும்

பன்றியென்று சொன்ன மாத்திரத்திலே முகஞ்சுளிப்போர் அநேகர். சேற்றிற் புரள்வதும், கண்டதைத் தின்பதும், காரணமின்றிக் கத்துவதுமே அப்பிராணியின் குணமென்று அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். ஆயின், தாயை இழந்து பசியால் கதறிய பன்றிக்குட்டிகளுக்கு இறைவனே தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டியதைத் திருவிளையாடற் புராணம் தனிப் படலமாக விரித்துரைக்கின்றது. மதுரைப் புதுமண்டபத்தில் அக்காட்சி சிற்பமாகவும் நிற்கின்றது. குட்டியின் கூக்குரலுக்குப் பொருளுண்டு என்பதைப் பெரியோர் ஒப்புக்கொண்டே இருந்தனர். அப்பொருள் இன்னதென்பதைச் சென்ற ஐம்பது ஆண்டுகளுக்குள் பல தேசத்து ஆராய்ச்சியாளர் அளந்து காட்டியிருக்கின்றனர்.

பொன்னேரி தாலுகாவில், பழவேற்காட்டு ஏரியை அடுத்த குப்பங்களில், சங்கத்திற் கடன் பெற்று ஓரிரு பெண்பன்றிகள் வாங்க எண்ணும் அங்கத்தினருக்கு இவ்வாராய்ச்சி வெறும் வேடிக்கைச் செய்தியன்று. பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாட்கள். ஓர் ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் பிறக்கக்கூடும். கடனின் தவணையைக் கட்டுவது பிறந்த குட்டியன்று, பால்மறக்கும்வரை பிழைத்த குட்டியே. சாகின்ற குட்டிகளிற் பெரும்பாலானவை பிறந்த முதல் சில நாட்களிலேயே சாகின்றன. அந்நாட்களில் தாய்க்கும் குட்டிக்கும் இடையே நடப்பதெல்லாம் குரலால் நடக்கின்றது.

பசுவின் மடியில் பால் சேர்ந்து நிற்க இடமுண்டு; கன்று எப்பொழுது முட்டினாலும் சிறிதேனும் கிடைக்கும். பன்றியின் மடியில் அத்தகைய இடமில்லை. ஏறக்குறைய ஒரு மணிக்கொருமுறைதான் பால் இறங்கும். அதுவும் இருபது விநாடிக்கு மேல் நில்லாது. அச்சமயத்தில் காம்பில் வாய் வைக்காத குட்டி மறுமுறை வரையிற் பட்டினி கிடக்கவேண்டியதே. இதன்பொருட்டே தாய்ப்பன்றி ஒருக்களித்துப் படுத்து, முதலில் நிதானமாக, விட்டுவிட்டு உறுமத் தொடங்குகின்றது. அவ்வுறுமலைக் கேட்டுக் குட்டிகள் ஓடிவந்து தத்தம் காம்பைத் தேடி மடியை மூக்கால் இடிக்கின்றன. பிறந்த சில நாட்களுக்குள் இன்ன காம்பு இன்ன குட்டிக்கென்று அவை தமக்குள்ளே சண்டையிட்டு ஏற்பாடு செய்துகொண்டு விடும். தலைப்பக்கத்துக் காம்புகளுக்கே போட்டி மிகுதி. பிறகு உறுமல் திடீரென்று விரைவுபடும். அவ்விரைவுதான் 'பால் வருகின்றது' என்னும் அறிவிப்பு. சிறிது நேரத்திற்குள் பால் இறங்குகின்றது. குட்டிகள் இடிப்பதை நிறுத்தி அசையாது உறிஞ்சுகின்றன.

சுவீடன் தேசத்தில் ஆல்கர்ஸ், யென்ஸன் என்போர் 1985லும் 1991லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், கொட்டிலருகே காற்றாடி யந்திரத்தின் இரைச்சல் ஓயாது கேட்டுக்கொண்டிருந்தால் இப்பேச்சு வார்த்தை கெடுகின்றதென்றும், குட்டிகள் மடியை இடிப்பது குறைந்து பாலும் குறைகின்றதென்றும் கண்டனர். தீவனம் குறையவில்லை, நோயுமில்லை. சப்தம் ஒன்றே குற்றம். இங்கே காற்றாடி வைத்த கொட்டில்கள் அரிது. ஆனால் படகு எஞ்சினைப் பழுதுபார்க்கும் கொட்டகையும், ஐஸ் உடைக்கும் யந்திரமும், நீரிறைக்கும் பம்பும் கரையோரத்தில் உண்டு. ஈன்ற பன்றியை அவற்றின் பக்கத்திற் கட்டுவது தகாது. ஆடி மாதத்துத் திருவிழாவில் ஒலிபெருக்கியைக் கொட்டிலுக்கு நேராகத் திருப்பி வைப்பதையும் சங்கத்தார் தடுக்கலாம்; தெய்வத்துக்கு அதனால் குறைவொன்றும் நேராது.

முதல் நாட்களின் மற்றோர் ஆபத்து, தாயின் உடலடியில் குட்டி நசுங்குவது. நசுங்கும் குட்டி வீறிட்டு அலறும். அலறலைக் கேட்டதும் சில தாய்ப்பன்றிகள் உடனே எழுந்துவிடும். சில சட்டை செய்யாது கிடக்கும். இவ்வேற்றுமை தற்செயலானதன்று, தாய்க்குத் தாய் உள்ள குணபேதமே என்பதை ஸ்விட்ஸர்லாந்தில் 1997இல் வெஹ்ஸ்லர், ஹெக்லின் என்போர் எடுத்துக் காட்டினர். ஆகவே, எந்தப் பன்றியின் பெண்குட்டியை அடுத்த ஈற்றுக்கு வைத்துக்கொள்வதென்று யோசிப்பவர், உடற்பருமனை மட்டும் பார்த்தல் போதாது. அதன் தாய் அலறலுக்கு எழுந்ததா என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஈனும் முன்பே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எடின்பரோவில் ஸ்டோல்பாவும் வுட்கஷ்ஷும் கொட்டிற் பன்றிகளைத் திறந்த வெளியில் விட்டுப் பார்த்து, 1989இல் முடிவுகளை வெளியிட்டனர். எத்தனையோ தலைமுறை மனிதரிடம் வளர்ந்த அப்பன்றிகள், ஈனுமுன் தரையைப் பறித்து, புல்லும் குச்சியும் வாயாற் சுமந்து கூடு கட்டின. படுக்கையைவிட்டு அப்பால் சென்றே சாணமிட்டன. அசுத்தம் பன்றியின் இயல்பன்று, இடமின்மையின் விளைவு என்பது இதனால் தெரிகின்றது. சேற்றிற் புரள்வதும் அப்படியே; வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி அதற்கு மிகக் குறைவு. ஈனும் நாளுக்கு முன் இரண்டு கட்டு வைக்கோல் போடுவது பெரிய செலவன்று.

எக்குரலைக் கேட்டு எழுந்து போகவேண்டும், எதனைக் கேட்டுக் கவலையின்றி இருக்கலாம் என்பதற்கு 2022இல் ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியாயிற்று. கோபன்ஹேகன் சர்வகலாசாலையின் எலோடி பிரீபரும் பல தேசத்துக் கூட்டாளிகளும் 411 பன்றிகளிடமிருந்து, பிறந்தது முதல் வெட்டப்படும் வரையிலான பல நிலைகளில், 7,414 குரல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். பால் குடித்தல், கூட்டத்தோடு சேர்தல் முதலிய இன்பநிலைகளிற் குரல் குறுகியது, ஏற்ற இறக்கம் குறைந்தது. தனித்துவிடப்படுதல், சண்டை, நசுங்குதல் முதலிய துன்பநிலைகளில் நீண்டது. கணித யந்திரம் ஒன்று இவ்விருவகையையும் நூற்றுக்கு 92 வீதம் சரியாகப் பிரித்தது. கானடாவில் வியரியும் பிரேசரும் 1995இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், தனித்துவிடப்பட்ட குட்டிகளுள் பசித்ததும் மெலிந்ததுமானவையே அதிகமாகவும், நீளமாகவும், உச்சஸ்தாயியிலும் கத்தின. குட்டியின் கூவல் பொய்க்கூவலன்று. யந்திரம் இல்லாத வீட்டில் காது போதும்: குறுகிய முனகல் சுகம், இழுத்த குரல் குறை. இராக்காலத்தில் இழுத்த குரல் கேட்டால் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதே சிலாக்கியம்.

பன்றி மனிதனைக் கேட்பதும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தைச் சேர்ந்த ஹெம்ஸ்வர்த், பார்னெட் முதலியோர் 1981 தொடங்கிச் செய்த ஆராய்ச்சிகள் ஒவ்வொரு வளர்ப்போனும் அறியத்தக்கவை. நெருங்கி வந்த இளம்பன்றிகளைச் சிலவற்றைத் தடவிக்கொடுத்தனர். வேறு சிலவற்றை அறைந்தோ மின்கோலால் தொட்டோ விரட்டினர். வாரத்தில் சில நிமிஷங்களே இவ்வாறு செய்தும், விரட்டப்பட்டவை மனிதனைக் கண்டால் ஒதுங்கின, மெதுவாக வளர்ந்தன. சினைப்பட்டவையும் அவற்றுள் மிகக் குறைவு. யாவற்றினும் கருத வேண்டியது 1987இல் வெளியான முடிவு: பெரும்பாலும் அன்பாகவும் இடையிடையே கொடுமையாகவும் நடத்தப்பட்ட பன்றிகளின் நிலை, எப்பொழுதும் கொடுமையாய் நடத்தப்பட்டவற்றின் நிலையையே ஒத்திருந்தது. ஐந்து நாள் தவிடு வைத்த கை ஆறாம் நாள் தடியெடுத்தால், ஐந்து நாளும் வீணாயின. தீவனத்தை அளந்து போடுபவர் பலர். தம் கோபத்தை அளப்பவர் சிலரே.

பன்றி ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். பழகியவனையும் அந்நியனையும் பிரித்தறியும் என்பது ஜப்பானில் சோதித்து அறியப்பட்டது. ஜெர்மனியில் டும்மர்ஸ்டார்ப் நிலையத்தார், ஒவ்வொரு பன்றிக்கும் தனித்தனி ஒலி வைத்துப் பழக்கினர். தன் ஒலி கேட்ட பன்றி மட்டும் தீவனத் தொட்டிக்கு வந்தது. பரம்பரையாகப் பன்றி மேய்ப்போரின் கூப்பாட்டுக்கு மந்தை முழுதும் ஓடிவருவதைக் கண்டவர்க்கு இஃது அதிசயமாகத் தோன்றாது. அவர்கள் தொழிலை இழிவென்று ஒதுக்கிய ஊர், அவர்களிடமே முதலில் கேட்டறிய வேண்டியிருக்கின்றது. கூப்பிட்டால் வரும் பன்றி விற்பனை நாளில் தானே பலகைமேல் ஏறி வண்டிக்குள் நடக்கும். காலைக் கட்டிக் கழியில் தலைகீழாகத் தொங்கவிட்ட பன்றியோ, அலறி அலறி இளைத்து வெட்டுமிடம் சேரும். அச்சத்தால் அதன் இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் கசிவதாய் விடக்கூடும். அதற்கு விலை குறைவு.

கத்தாத பன்றியைப்பற்றி ஒரு வார்த்தை அவசியம். கூப்பிட்டும் திரும்பாமல், கண்ணும் காதும் இழந்ததுபோல் தள்ளாடி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும் பன்றியை 'அமைதியாயிற்று' என்று நினைப்பது ஆபத்து. உப்பு மிகுந்து நல்ல தண்ணீர் குறைந்தபொழுது காணும் விஷக்குறி அது. பின்னர் வலிப்புக் காணும். கருவாட்டுத் துணுக்கும் உப்பிட்ட மீன்கழிவும் மலிந்து, கோடையில் கிணற்று நீர் உவர்ப்பாக மாறும் ஏரிக்கரையில் இதற்கு மிகவும் அஞ்சவேண்டும். உப்பிட்டதைத் தீவனமாக்கலாகாது, நல்ல தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்கவேண்டும். நோய் கண்டபின் ஒரே தடவையில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டுவது மேலும் கேடாகும். சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். உப்பிடாத மீன்கழிவையும் நன்றாகக் கொதிக்கவைத்தே போடவேண்டும். ஓட்டல் எச்சில் தீவனத்துக்கும் இதுவே விதி. 2020இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இறைச்சிக் கழிவின் வழியாகவும் பரவக்கூடியது.

கொட்டிலை எங்கே அமைப்பதென்பதில் பஞ்சாயத்தார் இரண்டு விஷயங்களை ஒருங்கே எண்ணவேண்டியிருக்கின்றது. குரல் காதில் விழவேண்டுமாயின் கொட்டில் வீட்டுக்கு அண்மையில் இருக்கவேண்டும். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் கிருமி கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றியிலும் பெருகி, நெல்வயலில் பிறக்கும் கொசுவால் மனிதருக்கு வருகின்றது. இந்தியாவில் அந்நோய் முதன்முதல் அறியப்பட்டது வேலூரில், 1955இல். பறவையும் வயலும் ஏரியும் கூடிய பழவேற்காட்டுப் பக்கத்தில் பன்றியைப் படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டுவது தகாது. நாடாப்புழு மனிதமலத்தின் வழியே பன்றிக்குச் சென்று மீளுவதால், கக்கூஸ் இல்லாத வீட்டார் பன்றியைத் திறந்து விடுவதும் அப்படியே. கடன் மனுவைப் பரிசீலிக்கும்பொழுது, வீட்டிலிருந்து விலகியும், ஈனும் வாரத்தில் ஒருவர் இரவில் அருகே படுத்துக் காது கொடுப்பதற்குக் கொசுவலை கட்டிய திண்ணையோடும் கூடிய இடம் இருக்கின்றதா என்பதைச் சங்கத்தார் நேரிற் சென்று பார்த்தல் வேண்டும்.