படம் அழகு, பற்றரி பொய்: ஒரு பவர் பேங்க் தந்த பாடம்

கண்டி நகரில் கையடக்கத் தொலைபேசிக்கான துணைப் பொருட்கள் விற்கும் சிறிய கடை என்னுடையது. 2025ஆம் ஆண்டு, புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரிடம் ஐம்பது பவர் பேங்க் வாங்கினேன். இருபுறமும் சைக்கிள் ஓட்டும் மனிதரின் வர்ண ஓவியம். பெட்டியில் 20,000 எம்.ஏ.எச். என்று அச்சிடப்பட்டிருந்தது. விலையும் மலிவு. பெரஹரா நாட்களில் பெரும்பகுதி விற்றுத் தீர்ந்தது. நல்ல சரக்கு என்று மகிழ்ந்திருந்தேன்.

நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. கண்டி மாவட்டத்தில் மண்சரிவும் வெள்ளமும். பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரமில்லை. பாதை திறந்த பின்னர் அக்குறணையைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் அதே பவர் பேங்க்கை என் மேசையில் வைத்தார்.

“படம் நல்லாத்தான் ஈக்குது நானா. உள்ளுக்குத்தான் ஒன்டுமில்ல. ஒருக்கா சார்ஜ் ஏத்தினதோட சரி. உம்மாக்கு ஒரு கோல் எடுக்க ரெண்டு நாள் வழியில்லாமப் போச்சு.”

எனக்குத் தலை குனிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போன் திருத்தும் தம்பியிடம் கொடுத்துத் திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டே பற்றரிக் கலங்கள்!

தராசு பொய் சொல்லாது

இவ்வகை உருளைக் கலம் ஒன்றின் கொள்ளளவு அதிகபட்சம் 3,500 அளவில்தான். எடை 45 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே உண்மையான 20,000க்கு ஆறு கலங்களாவது வேண்டும். கலங்கள் மட்டுமே ஏறத்தாழ 280 கிராம் வரும். என் சரக்கு முழுவதுமாகவே 150 கிராம்தான். கொள்வனவுக்கு முன் தராசில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கலத்தின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். போனுக்குச் செல்வது 5 வோல்ட். இந்த மாற்றத்தாலும் இழப்பாலும், தரமான 10,000 பவர் பேங்க்கிலிருந்து கிடைப்பது சுமார் 6,000 முதல் 6,500 வரைதான். “4,000 பற்றரியுள்ள போனுக்கு ஒன்றரைத் தடவை” என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னர் முறைப்பாடு வராது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடை செய்கிறது. “மொத்த வியாபாரி ஏமாற்றிவிட்டார்” என்று நாம் சொல்லலாம். ஆனால் வாடிக்கையாளர் நம்பியது நம்மைத்தானே?

ஓவியத்துக்கும் உரிமையாளர் உண்டு

இப்போது தரமான வெற்றுப் பவர் பேங்க் வாங்கி, உள்ளூரிலேயே படம் அச்சிட்டு விற்கலாம் என எண்ணுகிறேன். இதிலும் கவனம் தேவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியரின் ஆயுட்காலமும் அவர் இறந்த பின் 70 வருடங்களும் பதிப்புரிமை உண்டு.

1913இல் மட்டும் புகழ்பெற்ற இரண்டு சைக்கிள் ஓவியங்கள் பிறந்தன. ஒன்றை வரைந்த இத்தாலியர் பொச்சியோனி 1916இல் இறந்தார். அதன் காலம் முடிந்துவிட்டது. மற்றதை வரைந்த ரஷ்யப் பெண் ஓவியர் கொஞ்சரோவா இறந்தது 1962இல். 2032 முடியும்வரை அனுமதி வேண்டும். நமது கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற் 1993இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களுக்கு 2063 வரை உரிமை இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுத்து அச்சிட முடியாது. உள்ளூர் இளம் ஓவியர் ஒருவருக்குப் பணம் கொடுத்து வரையச் சொல்லி, எழுத்தில் உடன்படிக்கை செய்வதே நல்லது.

இறுதியாக ஒன்று: கொள்ளளவு எழுதிய இடத்தைப் படத்தால் மூடாதீர்கள். பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். பொதுவான எல்லை 100 வோட்-மணி, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். எமிரேட்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபர் 1 முதல், பயணிக்கு ஒன்று மட்டும், அதிலும் கொள்ளளவு குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே அனுமதிக்கிறது. விமானத்துக்குள் அதைப் பாவிக்கவும் தடை. வளைகுடாவுக்கோ உம்ராவுக்கோ போகும் நம் வாடிக்கையாளர் விமான நிலையத்தில் அதைப் பறிகொடுத்தால் நம் கடையைத்தான் நினைப்பார்.

மீதமிருந்த பதினொரு பவர் பேங்க்கையும் நான் விற்கவில்லை. நட்டம்தான். அக்குறணை வாடிக்கையாளர் சென்ற மாதம் ஒரு சார்ஜர் வாங்க மீண்டும் வந்தார்.