வானத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீர்!

குற்றாலம் என்றதும் நமக்கு ஆனி மாதத்துச் சாரல்தான் நினைவுக்கு வரும். பங்குனி வெயிலில் அந்த மலைத்தொடரில் புல்லும் சருகும் காய்ந்து கிடப்பதை யார் நினைக்கிறோம்? ஒரு பொறி விழுந்தால் போதும். வனத்துறையினர் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஆள் ஏற முடியாத செங்குத்தான சரிவானால்?

2024 மார்ச்சில் நீலகிரியில் குன்னூர் அருகே காடு பற்றி எரிந்தபோது, சூலூரிலிருந்து விமானப் படையின் 'எம்.ஐ.-17' ஹெலிகாப்டர் வந்தது. அதன் அடியில் தொங்கியது ஒரு பெரிய வாளி. 'பாம்பி பக்கெட்' என்று பெயர். கிணற்றில் நாம் இறைப்பதைப் போலத்தான்! நீர்நிலையில் முக்கி எடுப்பது. நெருப்பின் மேல் வந்ததும் விமானி பொத்தானை அழுத்த, அடிப்பக்கம் திறந்து தண்ணீர் கொட்டும். பல தடவை பறந்து சுமார் 16,000 லிட்டர் கொட்டினார்கள்.

சாமானிய வேலையா இது? கீழே கனமான வாளி ஊசலாடுகிறது. புகை கண்ணை மறைக்கிறது. மிகவும் தாழப் பறந்தால் விசிறியின் காற்றே நெருப்பை ஊதிவிடும். மிகவும் உயரப் பறந்தால் தண்ணீர் திவலையாகச் சிதறிப் போகும்.

"என் மகள் இந்த வேலைக்குப் போக முடியுமா?" என்கிறீர்களா? தாராளமாக! அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே விமானிகள் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் விமானப் படைதான் வாசல். அங்கே பெண்கள் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார்கள். 2019-ல் மூன்று பெண்கள் மட்டுமே சேர்ந்து இதே எம்.ஐ.-17-ஐச் செலுத்தினார்கள்.

பட்டம் பெற்று, 'ஆப்காட்' தேர்வு எழுதலாம். வயது 20 முதல் 24-க்குள். நேர்முகத் தேர்வு, வைத்தியப் பரிசோதனை எல்லாம் தாண்டினால் ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் பயிற்சி. ஆனால் ஒன்று: பிளஸ் டூவில் கணக்கும் பௌதிகமும் படித்திருக்க வேண்டும். "பெண்ணுக்குக் கணக்கு எதற்கு?" என்று பத்தாவது முடிந்ததும் வேறு பாடத்தில் சேர்த்துவிட்டால், அன்றே அந்த வாசல் அடைபட்டுவிடும். பிறகு வருந்திப் பயனில்லை.

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர். தீக்குச்சி அடுக்கிய கைகள் வளர்த்த பெண் ஒருத்தி, காட்டுத் தீயை அணைக்க வானில் ஏறினால் எவ்வளவு பொருத்தம்! அடுத்த மே மாதம் எந்தப் பாடம் எடுப்பது என்று உங்கள் மகள் கேட்கும்போது, இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்களேன்.